எனக்குப் போக விருப்பம் இல்லை

பூங்காவனம் அண்ணிக்கு, உங்கள் வாயால் ஆயிரம் திட்டு வாங்கியவள் ஆசையோடு எழுதுவது.

வந்துவிட்டது அண்ணி. படுக்கையில் கிடந்தபோதும் நீங்கள் கேட்டுக்கொண்டே இருந்தீர்களே, அது கடைசியில் வந்தேவிட்டது. போன வியாழக்கிழமை செல்வியைக் கூட்டிக்கொண்டு திருவள்ளூருக்குப் போய் என் கையால் வாங்கினேன். இனிமேல் நான் இந்த நாட்டில் நிரந்தரமாக இருக்கலாம். வருஷா வருஷம் ஒரு மேசை முன்னால் நின்று, இன்னும் ஒரு வருஷம் இருக்கட்டுமா என்று கேட்க வேண்டியதில்லை. நான் இந்தியப் பிரஜை.

வீட்டுக்கு வந்ததும் அந்தச் சான்றிதழை உங்கள் படத்துக்கு முன்னால் வைத்தேன். "அத்தைக்குப் படிக்கத் தெரியாதேம்மா" என்றாள் செல்வி. நீதான் படித்துச் சொல்லேன் என்றேன். அவளும் நின்றுகொண்டு, பள்ளிக்கூடத்தில் பாடம் ஒப்பிப்பதுபோல, முதல் வரியிலிருந்து கடைசி முத்திரை வரைக்கும் படித்தாள். கேட்டதா?

இந்தக் கடிதத்தை ஒரு பத்திரிகைக்கும் அனுப்பப்போகிறேன். ஊர் படிக்கட்டும். அதனால் உங்களுக்குத் தெரிந்த கதையையே மறுபடி சொல்லுவேன். "ஆரம்பிச்சுட்டியா" என்று அலுத்துக்கொள்ளாமல் கேளுங்கள்.

நான் பிறந்தது இலங்கையில், ஹட்டன் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்தில். என் தாத்தாவின் அப்பா வட ஆர்க்காட்டிலிருந்து பிழைக்கப் போனவர். எங்களைப்போல அங்கே இருந்த எத்தனையோ பேருக்கு எந்த நாடும் சொந்தமில்லாமல் கிடந்தது. எங்கள் அப்பா எப்படியோ முட்டிமோதி எங்களுக்கு இலங்கைப் பாஸ்போர்ட் வாங்கிவிட்டார். எழுபத்தேழில் பூந்தமல்லியில் எங்கள் சித்தப்பா மகளுக்குக் கல்யாணம். அதற்காக அப்பாவும் நானும் கப்பலேறி ராமேஸ்வரம் வந்து, ரயில் பிடித்து வந்தோம். அந்தக் கல்யாணப் பந்தலில் உங்கள் தம்பி என்னைப் பார்த்தார். அப்பா தனியாகத்தான் திரும்பிப் போனார்.

நீங்கள் அப்போது அம்பத்தூர் எஸ்டேட்டில், பல்பு செய்கிற கம்பெனியில் வேலை. அம்மாவும் அப்பாவும் பூந்தமல்லியை ஒட்டிய சென்னீர்குப்பத்தில் அடுத்தவர் வயலில் நாற்று நட்டே செத்துப்போக, தம்பியை வளர்த்து, ஐடிஐ படிக்கவைத்து, வெல்டர் ஆக்கியது நீங்கள். கட்டியவர் உங்களை விட்டுப் போய்ப் பல வருஷம் ஆகியிருந்தது. அதைப் பற்றி உங்களிடம் பேசுகிற தைரியம் ஊரில் யாருக்கும் கிடையாது.

வந்த முதல் நாள், "தேத்தண்ணி தரவா அண்ணி?" என்று கேட்டேன். நீங்கள் என்னைப் பார்க்கவேயில்லை. தம்பியைப் பார்த்து, "இன்னாடா நைனா பாஷை இது? டீக்கு பேரா?" என்றீர்கள். வாசலில் இருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். நான் அடுப்படிக்குப் போய் அழுதேன். உங்களுக்கு என்னைப் பிடிக்கவில்லை, அதை நீங்கள் மறைக்கவும் இல்லை. தம்பிக்கு உள்ளூரில் பெண் பார்த்து வைத்திருந்தீர்கள் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

போகப் போக நாம் ஒட்டிவிட்டோம் என்று சொல்லி இந்தக் கதையில் சர்க்கரை போட மாட்டேன். பதினோரு வருஷம் பக்கத்துப் பக்கத்து வீட்டில் இருந்தோம். ஒரே குழாயில் தண்ணீர் பிடித்தோம். செல்வி பிறந்தாள், குமார் பிறந்தான். ரெண்டு பேரையும் தூக்கி வளர்த்தீர்கள். என்னிடம் மட்டும் வேண்டியதற்குமேல் ஒரு வார்த்தை கிடையாது. எனக்கும் அப்போது வீம்புதான்.

எண்பத்தெட்டில் பெங்களூர் ரோட்டில், நசரத்பேட்டை தாண்டி, சைக்கிளில் வந்துகொண்டிருந்த உங்கள் தம்பியை லாரி அடித்தது. காரியம் முடிந்த அன்றைக்கு உங்கள் பெரியப்பா மகன் உங்கள் நடுவீட்டில் உட்கார்ந்து பேசினார். என்னை அக்கரைக்கு அனுப்பிவிடலாம், பிள்ளைகளை இங்கேயே வைத்துக்கொள்ளலாம், அவளுக்கும் சின்ன வயசு என்றார். நான் கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். நீங்கள் என்ன சொல்லப்போகிறீர்கள் என்று எனக்கு நிஜமாகவே தெரியாது.

எழுந்து என் வீட்டுக்குப் போனீர்கள். என் சோற்றுப் பானையையும் குழம்புச் சட்டியையும் எடுத்துக்கொண்டு வந்து உங்கள் அடுப்பு பக்கத்தில் வைத்தீர்கள். அப்புறம் அந்த மனிதரைப் பார்த்து, "சாப்ட்டு போறியா, அப்டியே போறியா?" என்று கேட்டீர்கள். அன்றையிலிருந்து நமக்கு ஒரே அடுப்பு. ஏன் அண்ணி அப்படிச் செய்தீர்கள்? கடைசிவரைக்கும் நான் கேட்கவில்லை, நீங்களும் சொல்லவில்லை.

அதுவரைக்கும் வருஷத்துக்கு ஒரு தரம் என் தங்கும் அனுமதியைப் புதுப்பிக்க உங்கள் தம்பிதான் கூட வருவார். அவர் போனபிறகு கம்பெனிக்கு லீவு போட்டுவிட்டு நீங்கள் வந்தீர்கள். இந்தியரின் மனைவி என்றுதானே அனுமதி கொடுத்தோம், இப்போதுதான் புருஷன் இல்லையே, இன்னும் என்ன காரணத்துக்கு இருக்கிறாய் என்று ஆபீஸில் ஒருவர் கேட்டார். பிள்ளைகளைப் பெற்றிருக்கிறாளே, அது காரணமில்லையா என்று நீங்கள்தான் கேட்டீர்கள். முனகிக்கொண்டே முத்திரை குத்திக் கொடுத்தார்.

அப்புறம்தான் தொண்ணூற்றொன்று மே மாதம் வந்தது. நம் ரோட்டிலேயே, ஸ்ரீபெரும்புதூரில், குண்டு வெடித்தது. நாடே அழுதது. நாமும் ரெண்டு நாள் அடுப்புப் பற்றவைக்கவில்லை. மூன்றாம் நாள் போலீஸ் நம் தெருவுக்கு வந்து, இங்கே சிலோன்காரி யாரோ இருக்கிறாளாமே என்று விசாரித்தார்கள்.

பதினாலு வருஷமாக என்னோடு ரேஷன் வரிசையில் நின்றவர்கள், என் பிள்ளைகளுக்குத் தலைவாரிவிட்டவர்கள், என் வீட்டைக் கையால் காட்டினார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், எல்லாருக்கும் பயம். ஆனால் எனக்கு அந்தக் கைகள் ஞாபகம் இருக்கின்றன. மறந்துவிட்டேன் என்று சொன்னால் அது பொய்.

திங்கட்கிழமை தோறும் ஸ்டேஷனுக்கு வந்து கையெழுத்துப் போட வேண்டும் என்றார்கள். நான் எட்டாவது வரைக்கும் படித்தவள். ஒரு எறும்பைக்கூட மிதிக்காதவள் என்று சொல்ல மாட்டேன், ஆனால் துப்பாக்கியைச் சினிமாவில்தான் பார்த்திருக்கிறேன். பள்ளிக்கூடத்தில் குமாரைப் பையன்கள் புலி, புலி என்று கூப்பிட்டு அடித்தார்கள். நீங்கள் நேரே வகுப்புக்குள்ளேயே போய், "இவங்கம்மா சமைச்ச சோத்தத்தான் நான் தின்னுகினு கீறேன். எனக்கு இன்னா கோரைப் பல்லா மொளைச்சுது?" என்று வாத்தியாரைக் கேட்டுவிட்டு வந்தீர்கள். பையன்கள் சிரித்துவிட்டார்களாம். அதோடு கொஞ்சம் அடங்கியது.

திங்கட்கிழமை கம்பெனியில் இரண்டாம் ஷிப்டுக்கு மாற்றிக்கொண்டு என்னோடு ஸ்டேஷனுக்கு வந்தீர்கள். ஒரு வாரம்கூட விடவில்லை. "எனக்கு ஒன்னியும் உம்மேல பாசம் பொங்கலே. தனியாப் போனா திருப்பி அனுப்ப மாட்டானுங்கோ, அதான்" என்பீர்கள். பெஞ்சில் குந்தக்கூடாது என்று ஒரு போலீஸ்காரர் சொன்னதும் நடுக்கூடத்தில், எல்லாரும் சுற்றிக்கொண்டு போக வேண்டிய இடமாகப் பார்த்து, தரையில் உட்கார்ந்தீர்கள். அடுத்த வாரம் அவரே பெஞ்சைக் காட்டினார்.

மறு வருஷம் கப்பல் விட ஆரம்பித்தார்கள். அகதி முகாம்களில் இருந்தவர்களைத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தார்கள். நான் முகாமில் இருந்தவள் இல்லை, அகதியாக வந்தவளும் இல்லை. ஆனால் ஒரு திங்கட்கிழமை ஸ்டேஷனில் புதிதாக வந்திருந்த அதிகாரிக்கு அதெல்லாம் ஒன்றுதான். ஒரு தாளை என் பக்கம் தள்ளினார். முழுக்க இங்கிலீஷ். கீழே கையெழுத்துப் போடு என்றார்.

என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டேன். நீயாகவே விருப்பப்பட்டு உன் நாட்டுக்குத் திரும்பிப் போகிறாய் என்று எழுதியிருக்கிறது என்றார். எனக்கு அப்படி விருப்பம் இல்லையே என்றேன். விருப்பத்தை யார் கேட்டார்கள், எல்லாரும் போடுகிறார்கள், நீயும் போடு என்றார். பிள்ளைகள் இரண்டு பேரும் பூந்தமல்லி ஆஸ்பத்திரியில் பிறந்தவர்கள், அவர்களை என்ன செய்வது என்று கேட்டேன். கூட்டிக்கொண்டு போனாலும் சரி, விட்டுவிட்டுப் போனாலும் சரி, அது உன் சௌகரியம் என்றார்.

அப்போது நீங்கள் எழுந்து வந்தீர்கள். அவர் உங்களை அப்போதுதான் கவனித்தார். நீ யார் இவளுக்கு என்றார். நாத்தனார் என்றீர்கள். அவர் சிரித்தார். எந்த ஊரில் நாத்தனார் தம்பி பெண்டாட்டிக்காக ஸ்டேஷன் வாசலை மிதிக்கிறாள் என்று கேட்டார்.

"இந்த ஊர்ல" என்றீர்கள். "சார், இவள எங்க அனுப்பப் போறீங்கோ? இவ ஊடு சென்னீர்குப்பத்துல கீது. புருசன எரிச்ச எடம் அங்க கீது. புள்ளைங்கோ படிக்கிற ஸ்கூலு அங்க கீது. அக்கரைல இவளுக்கு இன்னா கீது, சொல்லு."

சார் என்று ஆரம்பித்து 'சொல்லு'வில் முடித்தீர்கள். அவருக்கு அதுதான் பொறுக்கவில்லை. இவளை வெளியே தள்ளு என்றார். இரண்டு போலீஸ்காரர்கள் உங்கள் தோளைப் பிடித்து வாசலுக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். நீங்கள் கத்தவில்லை. வாசற்படியில் காலை ஊன்றி, திரும்பி என்னைப் பார்த்தீர்கள். நான் என்ன செய்யப்போகிறேன் என்று பார்த்தீர்கள்.

பேனா என் கையில் இருந்தது. எனக்குப் பாதி பயம் அண்ணி, பாதி கோபம். என் கொள்ளுத்தாத்தாவை இந்த மண்ணிலிருந்து ஏற்றிக்கொண்டு போக ஒரு கப்பல் வந்தது. அவரையும் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். இப்போது என்னை ஏற்றிக்கொண்டு போக இன்னொரு கப்பல். எத்தனை தலைமுறைக்கு எங்களை இப்படிச் சாமான்போல ஏற்றி இறக்குவார்கள்?

தாளின் அடியில், கையெழுத்துப் போடச் சொன்ன இடத்துக்கு மேலே, தமிழில் பெரிதாக எழுதினேன்: "எனக்குப் போக விருப்பம் இல்லை. என் வீடு சென்னீர்குப்பம்." அதற்குக் கீழே கையெழுத்துப் போட்டு, தாளை அவர் பக்கம் திருப்பி வைத்தேன். போடச் சொன்னார், போட்டுவிட்டேன்.

அவர் படித்தார். கிழித்தார். இன்னொரு தாளை வைத்தார். அதிலும் அதையே எழுதினேன். உள்ளே தள்ளிவிடுவேன் என்றார். தள்ளுங்கள், ஜெயில் என்றாலும் அது பூந்தமல்லி ஜெயில்தான் என்றேன். அந்த வார்த்தை எனக்கு எங்கிருந்து வந்தது? உங்களோடு ஒரே அடுப்பில் தின்ற சோற்றிலிருந்துதான் வந்திருக்கும்.

சாயங்காலம்வரை உட்காரவைத்துவிட்டு, அடுத்த வாரம் வா, பார்த்துக்கொள்கிறேன் என்று அனுப்பினார்கள். நீங்கள் எதிர்க்கடை நிழலில் அத்தனை நேரமும் நின்றிருந்தீர்கள். பஸ் ஸ்டாண்டில் நின்று, "இன்னா எழுதன அதுல?" என்று கேட்டீர்கள். சொன்னேன். இன்னொரு தரம் சொல்லச் சொன்னீர்கள். சொன்னேன். அப்புறம் சிரிக்க ஆரம்பித்தீர்கள், பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் எல்லாம் திரும்பிப் பார்க்கிற மாதிரி. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "வா, தேத்தண்ணி குடிக்கலாம்" என்றீர்கள். கிண்டலாக இல்லை. என் வார்த்தையை அன்றைக்குத்தான் உங்கள் வாயில் கேட்டேன்.

அடுத்த வாரம் நாம் தனியாகப் போகவில்லை. உங்கள் கம்பெனிப் பெண்கள் பன்னிரண்டு பதின்மூன்று பேர் வந்தார்கள். கோர்ட்டிலிருந்து ஒரு வக்கீல் அம்மாவும் வந்தார். இவள் முறையான பாஸ்போர்ட்டில் வந்தவள், வருஷா வருஷம் அனுமதி புதுப்பித்தவள், எந்தச் சட்டத்தில் அனுப்புகிறீர்கள் என்று அவர் கேட்டார். அந்த அதிகாரி தாளை மறுபடி எடுக்கவில்லை. திங்கட்கிழமைக் கையெழுத்து மட்டும் இன்னும் ரெண்டு வருஷம் நடந்தது.

அந்த வக்கீல் அம்மாதான் குடியுரிமைக்கு மனுப் போடச் சொன்னார். புருஷன் இல்லையே என்றேன். இந்தியரைக் கட்டிக்கொண்ட பெண்ணுக்கும் உண்டு, கட்டி இழந்த பெண்ணுக்கும் உண்டு, சட்டம் அப்படித்தான் சொல்கிறது என்றார். நீங்கள் அதைக் கேட்டுவிட்டு, "பாத்தியா, என் தம்பி செத்தும் ஒனக்கு ஆவுறான்" என்றீர்கள். அப்புறம் புடவை முந்தானையை வாயில் வைத்துக்கொண்டீர்கள். தம்பி போனபிறகு உங்கள் அழுகையை நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

காஞ்சிபுரத்துக்கு அலைந்தோம். மாவட்டத்தைப் பிரித்ததும் திருவள்ளூருக்கு அலைந்தோம். இவள் நல்லவள் என்று இரண்டு பேர் எழுதிக்கொடுக்க வேண்டும் என்றபோது நீங்கள் பெருவிரலை மையில் முக்கினீர்கள். இவளை உங்களுக்கு எத்தனை வருஷமாகத் தெரியும் என்று கேட்டார்கள். வந்த நாளிலிருந்து தெரியும், ஆனால் புரிந்தது கொஞ்ச நாளாகத்தான் என்றீர்கள். அதை எப்படி எழுதுவது என்று தெரியாமல் எழுதிக்கொண்டிருந்தவர் பேனாவோடு விழித்தார்.

பிறந்த நாட்டை விட்டுவிடுகிறேன் என்று எழுதிக்கொடுக்கச் சொன்னார்கள். கொடுத்தேன். அம்மாவைப் புதைத்த மேடு அங்கே இருக்கிறது. காலையில் பனியில் கொழுந்து பறிக்கிறபோது கை விறைக்குமே, அந்த விறைப்பு இன்னும் விரலில் இருக்கிறது. ஒரு கையெழுத்தில் அதையெல்லாம் விட்டுவிட முடியுமா அண்ணி? தாளை வாங்கிக்கொண்டார்கள். மற்றதை நான் கொடுக்கவில்லை. அதைக் கேட்க யாருக்கும் உரிமை இல்லை.

போன வருஷம் உங்களுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. ஆஸ்பத்திரியில் போய்ப் படுக்க மாட்டேன் என்று அடம் பிடித்தீர்கள். வீட்டிலேயே, செல்வியின் மடியில் தலையை வைத்துக்கொண்டு, "வந்துச்சா?" என்று கேட்டீர்கள். இன்னும் வரவில்லை என்றேன். "வராங்காட்டி போவுது. அவனுங்கோ குடுத்தாலும் குடுக்காங்காட்டியும் நீ இங்கதான் கீற. எங்கியும் பூடாத" என்றீர்கள். மூன்று நாள் கழித்து, நான் கஞ்சி ஆற்றிக்கொண்டிருந்தபோது, நீங்கள் போய்விட்டீர்கள். உங்களுக்குக் குமார்தான் கொள்ளி வைத்தான். அக்கரைக்காரி பெற்ற பிள்ளை வைக்கலாமா என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பதில் சொல்லத் தயாராகத்தான் நின்றேன்.

வியாழக்கிழமை உறுதிமொழி வாசித்தேன். சான்றிதழ் கொடுத்தவர் வயசில் சின்னவர், மரியாதையானவர். எழுந்து நின்று கொடுத்தார். "சந்தோஷம்மா, இன்னையிலேர்ந்து நீங்க எங்க ஊர்க்காரங்க ஆயிட்டீங்க" என்றார். நன்றி என்று சொல்ல வாய் வரவில்லை. மனசில் இருந்ததுதான் வந்தது.

"இருபத்தோரு வருஷமா நான் இந்த ஊர்தான் தம்பி. உங்களுக்கு இன்னைக்குத்தான் தெரிஞ்சுது."

செல்வி என் முழங்கையைக் கிள்ளினாள். அவர் கோபப்படவில்லை. ஆமாம் என்று தலையாட்டினார்.

வீட்டு விஷயம் சொல்கிறேன். செல்வி அம்பத்தூரில் ஒரு கம்பெனியில் கம்ப்யூட்டரில் தட்டச்சு செய்கிறாள், வாய் உங்களுடையதேதான். குமார் அப்பா படித்த அதே ஐடிஐயில், அதே வெல்டிங். பிள்ளைகளை மட்டும் வைத்துக்கொள்ளலாம் என்றாரே உங்கள் பெரியப்பா மகன், அவர் நேற்று வந்து காபி குடித்துவிட்டுப் போனார். எப்போதுமே எனக்காகப் பேசியவர்போலப் பேசினார். நான் மறுத்துப் பேசவில்லை, ஆனால் சிரிக்கவும் இல்லை. வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்கக் கொடுத்திருக்கிறேன். யாருக்குப் போடுவேன் என்று கேட்காதீர்கள், நாம் இரண்டு பேரும் அதில் சண்டைதான் போடுவோம்.

இன்னொரு சேதி. முத்தாபுதுப்பேட்டையில் ரஞ்சனி என்று ஒரு பெண் இருக்கிறாள். வவுனியாக்காரி, இங்கே ஒரு லேத் பட்டறைக்காரனைக் கட்டினவள். போன மாதம் அவன் மாரடைப்பில் செத்துப்போனான். மாமியார், என் வீட்டில் இருக்காதே என்கிறாளாம். போலீஸ், திங்கட்கிழமை தோறும் ஸ்டேஷனுக்கு வந்து கையெழுத்துப் போடு என்கிறார்களாம். என் கதையைக் கேள்விப்பட்டு, கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, இரண்டு பஸ் மாறி என்னைத் தேடி வந்தாள். அவளுக்கு நாத்தனார் யாரும் இல்லை.

ஆகவே அண்ணி, உங்களுக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். வருகிற திங்கட்கிழமை அவளோடு நான் போகிறேன். அதற்கடுத்த திங்கட்கிழமையும் போவேன். நீ யார் இவளுக்கு என்று கேட்பார்கள். கேட்கட்டும். என் கையில் இப்போது அவர்கள் கொடுத்த தாளே இருக்கிறது. ஆனால் அதைக் காட்டி நான் பேசப்போவதில்லை. முதலில் உட்காருவேன். பெஞ்சு கொடுக்கவில்லை என்றால் நடுக்கூடத்தில், எல்லாரும் சுற்றிக்கொண்டு போகிற மாதிரி. அவள் கையெழுத்துப் போட வேண்டியது என்ன, போடக்கூடாதது என்ன என்று ஒவ்வொரு வரியாகக் கேட்டுத் தெரிந்துகொண்டு சொல்லுவேன். அவள் வீடு வந்து சேருகிறவரைக்கும் நான் வீட்டுக்குத் திரும்ப மாட்டேன்.

இப்படிக்கு,
எங்கேயும் போகாத உங்கள் தம்பி பெண்டாட்டி,
கனகம்
சென்னீர்குப்பம்